புள்ளியும் மதிப்பும்

கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கங்களை இளம் முகங்கள் நிறைக்கின்றன. மூன்று பாடங்களிலும் ‘ஏ’ சித்தி பெற்றோர், மாவட்டத்தில் முதல்வராய் வந்தோர், அகில இலங்கை நிலை பெற்றோர் என அவர்கள் வரிசைப்படுத்தப்படுகின்றனர். தனியார் கல்வி நிலையங்களின் மதில்களில் அதே முகங்கள் பதாகைகளாகத் தொங்குகின்றன. சில மாதங்களின் பின் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் அவர்களுக்கு மாலையும் பதக்கமும் கிடைக்கின்றன. கல்வியைப் போற்றுகின்ற சமுதாயம் தன் பிள்ளைகளின் வெற்றியில் மகிழ்வது இயல்பே. எனினும் இம்மகிழ்ச்சியின் அடியில் எழுப்பப்படாத வினாவொன்று உண்டு. இவ்வாறு பாராட்டும்போது சமுதாயம் எதனைப் பாராட்டுகின்றது?

விடை வெளிப்படையானது போலத் தோன்றலாம். மாணவன் நன்றாகப் படித்தான். ஆகவே பாராட்டுப் பெறுகின்றான். ஆனால் பரீட்சைப் புள்ளி என்பது ஒரே வேளையில் மூன்று வேறு வேலைகளைச் செய்கின்றது. பல்கலைக்கழகத்தின் குறைந்த இடங்களைப் பலரிடையே பங்கிடுவதற்கான அளவுகோலாக அது பயன்படுகின்றது. மாணவனின் உழைப்புக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. இவற்றுக்கும் மேலாக, அவன் எத்தகைய மனிதன், எவ்வளவு பெறுமதியுடையவன் என்பதன் முத்திரையாகவும் ஊரார் அதனை ஏற்றுக்கொள்கின்றனர். இம்மூன்றும் ஒன்றல்ல. ஒன்றுக்குப் பொருந்தும் நியாயம் மற்றதற்குப் பொருந்துவதில்லை. இவற்றை வேறு பிரித்து நோக்குவதும், அவற்றுள் எதற்குப் பாராட்டு உரியது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்றோரை மதித்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பாடிய புறநானூற்றுப் பாடலொன்று (183) இதனைத் தயக்கமின்றிக் கூறுகின்றது. ஒரு வயிற்றிற் பிறந்தோருள்ளும் கற்ற பிள்ளையின்பால் தாயின் மனமும் சாயும் என்பது அவன் கண்ட உண்மை. மூத்தோனை விட்டு அறிவுடையோன் காட்டும் வழியிலேயே அரசும் செல்லும் என்றும், கீழ்ப்பாலில் ஒருவன் கற்பின் மேற்பாலோனும் அவனிடம் பணிவான் என்றும் அப்பாடல் தொடர்கின்றது. பிறப்பின் வழி வந்த மேன்மையைக் கல்வி முறியடிக்கும் என்னும் இக்கருத்தில் ஒரு விடுதலைக் குரல் உள்ளது. ஆனால் அதே பாடலில் ஒரு கொடுமையும் மறைந்திருக்கின்றது. தாயின் மனமே திரியுமாயின், கல்லாத மற்றப் பிள்ளையின் நிலை யாது? பாண்டியன் அதனைப் பற்றிப் பேசவில்லை. பெறுபேறு வெளியாகும் நாளில் பல வீடுகளில் நிலவும் மௌனத்தைப் பற்றி இன்றைய பாராட்டு விழாக்களும் பேசுவதில்லை.

பரீட்சையைக் குறைகூறுமுன் அதன் அறவலிமையை உணர்தல் வேண்டும். சீனத்தில் அரச உத்தியோகத்துக்கான பரீட்சை பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்து 1905இல் ஒழிக்கப்பட்டது. சொங் வம்சத்தார் காலத்தில் விடைத்தாளில் எழுதியவரின் பெயர் மறைக்கப்பட்டது. கையெழுத்தைக்கொண்டு ஆளை அடையாளங் காணலாம் என்பதால் விடைகள் முழுவதும் வேறொருவரால் பிரதி செய்யப்பட்ட பின்னரே பரீட்சகரிடம் சென்றன. திருத்துபவன் எழுதியவனை அறியாதிருத்தலே நீதி என்னும் எண்ணம் அங்கே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. இன்று இலங்கையில் விடைத்தாளின் மேல் எழுதப்படும் சுட்டெண்ணும் அதே அறத்தின் வாரிசாகும். சாதியும் சீதனமும் குடிப்பெருமையும் ஒருவரின் இடத்தை முன்கூட்டியே தீர்மானித்த யாழ்ப்பாணச் சமூகத்தில், பரீட்சை மண்டபத்தின் சுட்டெண் செய்த புரட்சி சிறிதன்று. கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவரின் மகனும் மகளும் அம்மண்டபத்துள் எவரையும் கேளாது நுழைந்தனர். தகப்பன் பெயரையோ சிபாரிசுக் கடிதத்தையோ கேட்காத ஒரு வாயிலை வறியவர் நம்பினர் என்றால், அந்நம்பிக்கை பொய்யானதன்று. நேர்முகத் தேர்வும் நற்சான்றுக் கடிதமும் பரீட்சையினும் மனிதத்தன்மை மிக்கவை என வாதிடுவோர், செல்வாக்கு எவ்வழியாக நுழையும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஆயினும் சுட்டெண் தந்தையின் பெயரை மட்டும் மறைப்பதில்லை. மாணவன் நடந்துவந்த வழியையும் அது மறைத்துவிடுகின்றது. இலங்கையில் உள்ள பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளுள் ஏறத்தாழ ஆயிரத்தில் மட்டுமே உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. ‘1 ஏபீ’ என வகைப்படுத்தப்பட்ட அப்பாடசாலைகள் நகரங்களைச் சார்ந்தே பெரிதும் அமைந்துள்ளன. தோட்டத்திலோ கடற்கரைக் கிராமத்திலோ வாழும் பிள்ளை பெளதிகவியல் கற்க விரும்பினால், முதலில் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். விடுதிக்குப் பணம் வேண்டும். ஆய்வுகூடம் என்பதை முதன்முதலிற் காணும் கூச்சத்தையும் வெல்ல வேண்டும். இவை எதுவும் இயலாதபோது அப்பிள்ளை கலைப்பிரிவில் சேர்கின்றது. பின்னர், விஞ்ஞானம் படிக்க இயலாதவர் கலை படிக்கின்றார் என அதே சமுதாயம் தீர்ப்புக் கூறுகின்றது. இருந்த பாதை ஒன்றே ஆகையால் அதில் நடந்தவரை, தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் என இகழ்வது எவ்வகை நீதி?

வரிசை நிலை என்பதன் இயல்பையும் சிறிது ஆராய்தல் தகும். 2001ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இசற் புள்ளி முறை பயன்படுகின்றது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரது புள்ளிகளின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் வந்தவற்றின் சராசரி கணிக்கப்படுகின்றது. கடினமான பாடத்தையும் எளிதான பாடத்தையும் ஒப்பிடுவதற்கு இது தக்க உபாயமே. ஆனால் இது கூறுவது, மாணவன் எவ்வளவு அறிந்துள்ளான் என்பதையன்று. ஏனையோரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கின்றான் என்பதையே ஆகும். முன்னணியில் நின்ற ஒருவன் நோயுற்றுப் பரீட்சைக்கு வராவிடின், அவனுக்குப் பின்நின்றவன் ஒரு வரிகூட அதிகமாகப் படிக்காமலே ஒருபடி உயர்கின்றான். உயர்ந்தது அவனது நிலை. அவனது அறிவு இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

2011ஆம் ஆண்டுப் பரீட்சையின் பின் நிகழ்ந்தது இதனை நாடு முழுவதற்கும் விளக்கிற்று. பழைய பாடத்திட்டத்தில் தோற்றியோரையும் புதிய பாடத்திட்டத்தில் தோற்றியோரையும் ஒன்றுசேர்த்துக் கணித்த இசற் புள்ளிகளை 2012இல் உயர் நீதிமன்றம் செல்லாதனவாக்கியது. மீண்டும் கணித்தபோது பலரது நிலைகள் மாறின. ஒரு விடைத்தாளிலும் ஓர் எழுத்தும் மாறவில்லை. முதற் கணிப்பின்படி போற்றப்பட்டவன் இரண்டாவது கணிப்பால் தாழ்ந்த மனிதனாகிவிட்டானா? அவ்வாறு எவரும் கூறமாட்டார். எனின், முதற் கணிப்பு அவனை உயர்ந்த மனிதனாக்கியது என்றும் கூறுவதற்கில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துக்கொள்ளல் அவசியம். தெரிவு செய்தல் வேறு, பாராட்டுதல் வேறு. அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலில் புல்லாங்குழலை உதாரணமாகக் காட்டுவார். சிறந்த குழல்களை யாருக்குக் கொடுப்பது? உயர்குடிப் பிறந்தோனுக்கோ அழகனுக்கோ அன்று. நன்றாக வாசிக்கக் கூடியவனுக்கே என்பது அவரது விடை. குழல் இருப்பது வாசிப்பதற்காக ஆதலின், பொருளின் பயனே பங்கீட்டின் விதியைத் தருகின்றது. மருத்துவபீடத்து இடமொன்று ஒரு மாணவிக்கு அளிக்கப்படுவது கடந்த இரண்டு ஆண்டுகளில் அவள் பட்ட பாட்டுக்குக் கூலியாக அன்று. நாளை நோயாளரை அவள் நன்கு பேணுவாள் என்னும் எதிர்பார்ப்பினாலேயே அவ்விடம் அவளுக்குத் தரப்படுகின்றது. ஆகவே தெரிவு வருங்காலத்தை நோக்கியது. பாராட்டோ கடந்ததை நோக்கியது; ஒருவர் செய்து முடித்த ஒன்றுக்கு உரியது. வெட்டுப்புள்ளி தெரிவுக்கான கருவி. அக்கருவியை எடுத்துப் பாராட்டின் அளவுகோலாகவும் ஆக்கிவிட்டதே நமது சமுதாயத்தின் பிழையாகும்.

இவ்வேறுபாடு தரப்படுத்தல் பற்றிய நீண்ட விவாதத்துக்கும் ஓரளவு ஒளி தரக்கூடும். நான்கு பாடங்களுக்கு 400 புள்ளிகள் இருந்த அக்காலத்தில், 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. அன்றைய தமிழ் இளைஞரின் உள்ளத்தில் இது ஏற்படுத்திய காயத்தையும், அதன்வழி விளைந்த அரசியலையும் வரலாறு அறியும். எழுதிய மொழியைக்கொண்டு புள்ளியின் பெறுமதியை மாற்றியமை, சுட்டெண் மறைத்து வைத்த ஒன்றை மீண்டும் கிளறியெடுத்து எடைபோட்டமைக்கு ஒப்பாகும். மொழி ஒருவர் நடந்துவந்த பாதையின் கடினத்தைக் கூறுவதில்லை. அவர் எவ்வினத்தார் என்பதையே கூறுகின்றது. ஆகையால் அது அநீதி எனக் கொள்வதில் ஐயமில்லை.

மாவட்ட ஒதுக்கீட்டை அவ்வளவு எளிதில் தீர்த்துவிட முடியாது. யாழ்ப்பாணம் பல இடங்களை இழந்தபோது, மட்டக்களப்பு, மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவருக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு சற்றே திறந்தது. இன்று பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என இடங்கள் பங்கிடப்படுகின்றன. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் நுவரெலியாவும் பதுளையும், மன்னாரும் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அடங்கும். தமக்கு நேர்ந்ததை அநீதி என்போர் தமக்குள்ளேயே பின்தங்கிய பிள்ளைகளின் உரிமையைப் பற்றியும் எண்ணுதல் கடனாகும். ஆய்வுகூடமற்ற பாடசாலையிலிருந்து பெற்ற ஒரு புள்ளி, அனைத்தும் வாய்த்த பாடசாலையிலிருந்து பெற்ற அதே புள்ளியைவிட வருங்காலத்தைப் பற்றிக் கூடுதலாகக் கூறக்கூடும். ஆதலின் தெரிவின் நோக்கத்துக்கும் இவ்வொதுக்கீடு முரணானதன்று. மாவட்டம் என்பது பருமட்டான அளவை என்பதும் உண்மையே. பின்தங்கிய மாவட்டத்தின் நகர்ப்புறத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அது சலுகை தருகின்றது. கொழும்பின் சேரிப்புறத்துப் பிள்ளையைக் கைவிடுகின்றது. குறை அளவையின் பருமையிலேயே உள்ளது. பாதையையும் கருத்திற் கொள்ளவேண்டும் என்னும் எண்ணம் குறையுடையதன்று.

இவ்விடத்தில் வலிமையான ஆட்சேபமொன்று எழும். ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட ‘நீதி பற்றிய ஒரு கோட்பாடு’ என்னும் நூலில், பிறவித் திறமையும் பிறந்த குடும்பமும் எவரும் தாமே ஈட்டியவை அல்ல என வாதிட்டார். முயற்சி செய்யும் மனப்பாங்குகூடக் குடும்பச் சூழலால் உருவாவதே என்றும் அவர் காட்டினார். அதிகாலை எழுந்து படிக்கும் பழக்கம் தாய் எழுப்பிவிட்டதால் வந்தது. பொறுமை தகப்பனைப் பார்த்துக் கற்றது. எனின், மாணவனுக்கென எஞ்சுவது யாது? எதற்காக அவனைப் பாராட்டுவது?

இவ்வாட்சேபம் ஓரளவே உண்மையானது. ‘எல்லாம் என்னாலே’ என்னும் செருக்கை அது தகர்க்கின்றது; பாராட்டை அது தகர்க்கவில்லை. பெற்ற விதை பிறருடையதாயினும் அதனை விதைத்துக் காத்தவனுக்கு ஒரு பங்கு உண்டு. ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழ் வளர்ந்த இருவருள் ஒருவர் வாய்ப்பைக் கைப்பற்றுவதும் மற்றவர் கைவிடுவதும் காணக் கூடியதே. பாராட்டு என்பது ஒருவர் தம் வாழ்வில் வந்தவற்றைக் கொண்டு என்ன செய்தார் என்பதற்கான அங்கீகாரம். ஆகையினாலேயே வந்தவை எவை என அறியாது பாராட்டுதல் இயலாது. கணிதத்தில் ‘ஏ’ பெற்றவர் ஒருவர், ‘சீ’ பெற்றவர் ஒருவர் என்பதைக் கேட்டவுடன் யார் பெரிதாகச் சாதித்தவர் எனக் கூறிவிட முடியாது. கணித ஆசிரியரே இல்லாத பாடசாலையில், பழைய வினாத்தாள்களை இரவல் வாங்கிப் படித்துப் பெற்ற ‘சீ’ சில வேளைகளில் பெரிதாகலாம். தெரிவு கண்களைக் கட்டிக்கொண்டு செய்யவேண்டிய பணி; பாராட்டு கண்களைத் திறந்துகொண்டு செய்யவேண்டிய பணி. மறைக்கப்பட்ட பெயரைக்கொண்டு நீதி வழங்கலாம். மறைக்கப்பட்ட பாதையைக்கொண்டு புகழ் வழங்க முடியாது.

புள்ளியையே மனிதனின் பெறுமதியாக ஏற்றுக்கொண்ட சமுதாயம் எங்கே சென்று முடியும் என்பதை மைக்கல் யங் 1958இல் ‘திறமையாட்சியின் எழுச்சி’ என்னும் அங்கத நூலில் கற்பனை செய்தார். அவர் காட்டிய எதிர்காலப் பிரித்தானியாவில் அறிவும் முயற்சியும் அளக்கப்பட்டு ஒவ்வொருவருக்கும் உரிய இடம் தரப்படுகின்றது. மேலே உள்ளோர் தமக்குக் கிடைத்த யாவும் தகுதியால் வந்தவை என இறுமாக்கின்றனர். கீழே உள்ளோருக்கோ, விதியையும் அநீதியையும் நொந்துகொள்ளும் ஆறுதலும் இல்லாமற் போகின்றது. தாழ்ந்தமைக்குத் தாமே காரணர் என அவர்கள் நம்பவேண்டியதாகின்றது. அங்கதமாக எழுதப்பட்டது இங்கே பரிசளிப்பு மேடைகளில் அறிவுரையாகவே பேசப்படுகின்றது. ‘முயன்றால் எவரும் முதல்வராகலாம்’ என்பது கேட்க இனிய வாக்கியம். முதலாமிடம் ஒன்றே இருக்கையில் எவரும் அதனைப் பெறலாம் என்பது எங்ஙனம் பொருந்தும்? முயன்றும் பெறாதவரை நோக்கி அவ்வாக்கியம் கூறுவது, ‘நீ முயலவில்லை’ என்பதே.

ஒவ்வோராண்டும் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழகத் தகுதி பெறுகின்றனர். அவர்களுள் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவோர் அரைவாசிக்கும் குறைவானோரே. எஞ்சியோர் தோற்றவரல்லர், அவர்களுக்கான கதிரைகள் நாட்டில் இல்லை. கதிரைகளின் பற்றாக்குறையைப் பிள்ளைகளின் குறைபாடாக மொழிபெயர்த்துவிடுகின்றோம். பெறுபேறு வந்த நாளில் தம் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்தி இந்நாட்டுக்குப் புதிதன்று. அத்துயரங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணங்கள் பல இருக்கலாம். எனினும் புள்ளியே பெறுமதி என்னும் நம்பிக்கையைப் பரப்பும் எவரும் அவற்றில் தமக்குப் பங்கில்லை எனக் கூறல் அரிது.

பாராட்டின் அறத்தைப் பற்றிப் பேசுகையில் மறக்கக்கூடாத மற்றொன்று கடன். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி வழங்கப்படுகின்றது. ‘இலவசம்’ என்பது பெறுபவர்க்குப் பொருந்துஞ் சொல். எவரோ ஒருவர் அதற்கு விலை கொடுத்தே இருக்கின்றார். அக்காலத்தில் நாட்டின் வருவாயிற் பெரும்பகுதி தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியால் வந்தது. அத்தேயிலையைக் கொய்த மலையகத் தொழிலாளரின் பிள்ளைகளோ, தோட்ட நிர்வாகங்கள் நடத்திய சிறு பாடசாலைகளில், பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளுடன் நின்றுவிட்டனர். அப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். தம் உழைப்பால் ஏனையோரின் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களின் பிள்ளைகள் கால் நூற்றாண்டுக்கு மேலாக வாயிலின் புறத்தே நின்றனர் என்னும் உண்மையை, இலவசக் கல்வியின் பயனைப் பெற்ற எவரும் நெஞ்சிற் பதித்துக்கொள்ளல் வேண்டும். இந்நாட்டில் ஒருவர் பெறும் ‘ஏ’ சித்தி ஒரு சாதனை. அதே வேளையில் அது ஒரு கடன் பத்திரமுமாகும்.

எனின், பாராட்டு விழாக்களை நிறுத்திவிடுவதா? அவ்வாறு கோருவது மிகை. அறிவைத் தேடிய இளைஞரை ஊர் கூடி மகிழ்விப்பது நல்ல வழக்கமே. மாறவேண்டியது விழாவின் பொருள். வரிசை நிலையை அறிவிப்பதோடு அமையாமல், வந்த வழியையும் மேடையில் கூறலாம். குடும்பத்திலேயே முதன்முதலாக உயர்தரத்தை அடைந்த பிள்ளைக்கும், வேலை செய்துகொண்டே படித்த பிள்ளைக்கும், இரண்டாம் முறை துணிந்து தோற்றிய பிள்ளைக்கும் பரிசு உண்டு என ஒரு பாடசாலை விதி வகுக்கலாம். தம்பி படிக்கத் தான் படிப்பை நிறுத்திய தமக்கையையும், சம்பளம் வாங்காது மாலை வகுப்பு நடத்திய ஆசிரியரையும் அதே மேடைக்கு அழைக்கலாம். பதக்கம் பெற்றவரிடம் ‘நீர் என்ன ஆகப்போகின்றீர்?’ என்று கேட்கும் வழக்கத்தோடு, ‘யாருக்கு என்ன செய்யப்போகின்றீர்?’ என்னும் வினாவையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் செலவாகாது. ஆனால் பிள்ளைகளை அறிந்திருத்தல் வேண்டும். பெயர்ப்பட்டியலைப் படிப்பதனினும் அது கடினமான வேலை.

பரீட்சை இல்லாது தெரிவில்லை; தெரிவில்லாது இன்றைய நிலையில் உயர்கல்வியும் இல்லை. ஆகையாற் புள்ளி இருக்கட்டும். அது தன் வேலையைச் செவ்வையாகச் செய்யுமாறு பார்த்துக்கொள்வது பரீட்சைத் திணைக்களத்தினதும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினதும் பொறுப்பு. ஒரு பிள்ளையின் மதிப்பைப் பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமையை மட்டும் அவற்றிடம் எவரும் ஒப்படைக்கவில்லை. அவ்வுரிமையைத் தாமாகவே கையளித்த பெற்றோரும் ஆசிரியரும் ஊராரும் அதனை மீளப் பெற்றுக்கொள்ளலாம். பெறுபேறு வெளியாகும் நாளில், பெயர் பத்திரிகையில் வராத பிள்ளையின் வீட்டுக்கும் ஒருமுறை சென்று வருவதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.